கொள்ளைநோய்க் காலத்தில் முதியோர் இல்ல வாழ்க்கை

ஒருவர் உயிரோடிருக்கின்றாரா என்பதை வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கூறிவிடுவர். அவர் நன்றாக வாழ்கின்றாரா என்பதை யாவர் கூறவல்லார்? இவ்விரண்டு வினாக்களும் ஒன்றே போலத் தோன்றினும் தம்முட் பெரிதும் வேறுபட்டவை. ஏனைய காலங்களில் இவ்வேறுபாட்டை நாம் அத்துணையாகக் கருதுவதில்லை. 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னுங் கொள்ளைநோய் பரவியபொழுது, முதல் வினாவுக்கு விடை தேடிய அவசரத்தில் இரண்டாம் வினாவை உலகம் மறந்தது. அம்மறதியால் மிகுதியும் வருந்தியவர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்களே என்பது எம் கருத்து. அதனை ஆராய்ந்து காட்டுதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

இதற்கு யாம் தூரதேசம் சென்று ஆராய வேண்டியதாக இருக்கவில்லை. திருவான்மியூருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது கொட்டிவாக்கம். கீழ்பால் வங்கக்கடலும் மீனவர் குப்பமும். மேல்பால் நாளுக்குநாள் உயர்ந்து வரும் மாடிவீடுகள். 2011-ஆம் ஆண்டில் இவ்வூர் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. இதனை அடுத்த பாலவாக்கத்தில், ஆதரவற்ற முதிய மாதர்க்கெனச் சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-இல் நிறுவிய விசிராந்தி என்னும் இல்லம் உளது. பிற்காலத்தே இக்கடற்கரையோரம் நெடுகப் பல இல்லங்கள் தோன்றின. சில தருமத்தின் பொருட்டு நடப்பன; சில கட்டணம் பெற்று நடப்பன. கொட்டிவாக்கத்திலுள்ள அத்தகைய ஓர் இல்லத்திற்கு, எம் கல்லூரி மாணவர் சிலரோடு ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் சென்று, பத்திரிகை படித்துக் காட்டுவதும் கடிதம் எழுதிக்கொடுப்பதும் எம் வழக்கமாக இருந்தது. அவ்வில்லத்தின் பெயரையும் ஆண்டு வாழ்வோர் பெயரையும் ஈண்டுக் கூறுதல் முறையன்று.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். நர்ஸிங் ஹோம் என்றால் சென்னைவாசிகள் பிரசவமும் சிறு அறுவைச் சிகிச்சையும் நடைபெறும் தனியார் மருத்துவமனையையே கருதுவர். மேனாட்டார் அப்பெயரால் வழங்குவது, முதுமையினாலும் நோயினாலும் தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாதார் ஆண்டுக்கணக்காகத் தங்கி வாழும் இடத்தை. அது வைத்தியசாலையன்று, அங்கிருப்போர் நோயாளிகளுமல்லர், குடியிருப்போர். அதுவே அவர்க்கு வீடு. இவ்வுண்மையை நினைவில் இருத்தாவிடின் பின் வருவன எல்லாம் விளங்கா. வைத்தியசாலையில் பத்து நாள் உறவினரைக் காணாதிருத்தல் பொறுக்கத்தக்கது. தன் வீட்டிலேயே ஒன்பது மாதம் ஒருவரையும் காணாதிருத்தல் வேறொரு வகையைச் சேர்ந்தது.

வாழ்க்கையின் நலத்தை அளத்தல் கூடுமோ என்னின், கூடும் என்று கருதி உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1991-இல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். பல தேசங்களிலுமாகப் பதினைந்து நிலையங்கள் அதிற் கலந்துகொண்டன. அவற்றுள் நம் சென்னையும் ஒன்று என்பதை நம்மவருட் பலர் அறியார். நோயுற்றோரையும் நலமுற்றோரையும் அவரவர் தாய்மொழியிலேயே வினவி, எவை வாழ்க்கையை வாழத்தக்கதாகச் செய்கின்றன என்று கேட்டறிந்து, நூறு வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தனர். உடலின் நிலை, உள்ளத்தின் நிலை, பிறர் உதவியின்றி இயங்குந் திறன், மக்களோடு உறவு, சூழ்ந்துள்ள இடமும் பொருளும், சமயமும் நம்பிக்கையும் என ஆறு பகுதிகள் அதில் அடங்கும். பின்னர் முதியோர்க்கெனத் தனியே ஓர் அளவுகோலும் எழுந்தது. அதில் ஐம்புலன்களின் கூர்மை, தன் காரியத்தைத் தானே நிச்சயிக்கும் உரிமை, சாவைப் பற்றிய எண்ணம், பிறரோடு நெருக்கம் முதலியன சேர்ந்தன. மினசோட்டா சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்த ரோஸலி கேன் அம்மையார், இல்லங்களில் வாழ்வோரையே ஆராய்ந்து பதினொரு கூறுகளைக் காட்டினார். பாதுகாப்பு அவற்றுள் ஒன்று. ஒன்றே ஒன்று. தனிமைக்கு இடம், மானம், பயனுள்ள தொழில், மகிழ்ச்சி, தான் இன்னாரென்னும் தனித்தன்மை ஆகியனவும் அதனோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்டன. இவ்வளவுகோல்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. வாழ்கின்றவரே தம் வாழ்க்கையைப் பற்றித் தீர்ப்புக் கூற வேண்டும். மருத்துவரோ மகனோ மேலாளரோ அவருக்காகக் கூறுதல் செல்லாது.

இனி, வாயில்கள் அடைபட்ட வரலாற்றைப் பார்ப்போம். 1918-ஆம் ஆண்டின் இன்புளூயன்ஸா இளம்பருவத்தினரை மிகுதியாக வாரிக்கொண்டு சென்றது. 2020-இன் நோய் அதற்கு மாறாக முதியோரையே நாடிற்று. அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்துக் கிர்க்லாண்டு என்னும் ஊரிலுள்ள ஓர் இல்லத்தில் நோய் புகுந்து பலர் மாண்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. அதே வட்டாரத்திலிருந்த ஓர் இல்லத்தில் 76 முதியோரைச் சோதித்தபொழுது 48 பேரிடம் நோய் காணப்பட்டது. அவருள் 27 பேருக்குச் சோதித்த வேளையில் யாதொரு குறியும் இல்லை. இச்சிறு கணக்கிலேயே அக்காலத்து அச்சத்தின் காரணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாயிலில் நின்று நெற்றியில் வெப்பம் பார்க்குங் காவலனால் இந்நோயைத் தடுத்தல் இயலாது. காய்ச்சலும் இருமலும் இல்லாத தாதியே அதனைக் கொண்டுவரக்கூடும். கொண்டுவந்தபின், ஒரே கூடத்தில் உண்டு, ஒரே நீராடும் அறையைப் பயன்படுத்துவோரிடையே அது பரவுதல் எளிது.

மேனாடுகளில் நிகழ்ந்தது மிகக் கொடிது. ஸ்பெயின் தேசத்தில் இல்லங்களைத் தூய்மைசெய்யச் சென்ற படைவீரர்கள், கவனிப்பாரின்றிக் கிடந்த முதியோரையும், படுக்கையிலேயே மாண்டு கிடந்தோரையுங் கண்டதாக அத்தேசத்துப் பாதுகாப்பு மந்திரியே 2020 மார்ச்சில் அறிவித்தார். கனடாவில் முதல் அலையில் மாண்டவருள் நூற்றுக்கு 80 பேர் வரை இத்தகைய இல்லங்களில் வாழ்ந்தவர். ஆண்டும் இராணுவத்தார் உதவிக்குச் சென்று, நீராட்டப்படாமலும் வேளைக்கு ஊட்டப்படாமலும் கிடந்தோரைக் கண்டு எழுதிய அறிக்கை அத்தேசத்தையே நாணச் செய்தது. இங்கிலாந்திலோ, வைத்தியசாலைகளில் இடம் வேண்டுமென்று, முதியோர் பலரைச் சோதனையின்றியே இல்லங்களுக்குத் திருப்பியனுப்பினர். அச்செயல் சட்டத்திற்கு மாறானது என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர்நீதிமன்றந் தீர்ப்பளித்தது. மகளுக்கு அடைத்த வாயில் நோய்க்குத் திறந்திருந்தது என்று சொல்லலாம்.

தமிழ்நாட்டில் மார்ச்சு 24-ஆம் நாள் மாலை முதலும், இந்தியா முழுவதும் 25 முதலும் ஊரடங்கு தொடங்கிற்று. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் இன்றியமையாக் காரியமின்றி வெளியே வரலாகாது என்று மத்திய அரசாங்கம் அறிவுறுத்திற்று. பேருந்தும் மின்சார ரயிலும் நின்றமையால், அன்று உள்ளே இருந்த தாதியர் உள்ளேயும், விடுமுறைக்கு ஊர் சென்றவர் ஊரிலேயும் தங்கிவிட்டனர். கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து நோய் பரவியதும், சூன் 19 முதல் 30 வரை சென்னையும் அண்டை மாவட்டங்களும் மறுபடியும் முற்றாக அடைபட்டதும் யாவரும் அறிந்தனவே. எம் மாணவர்கள் செல்வது மார்ச்சு மாத நடுவிலேயே நின்றது. அதன்பின் யாம் அறிந்தவையெல்லாம் தொலைபேசி வாயிலாக அறிந்தவையும், பின்னர்ச் சென்று கேட்டறிந்தவையுமாம்.

அவ்வில்லத்தில் முதல் அலையில் ஒருவருக்கும் நோய் வரவில்லை. இதனை முதலிலேயே கூறிவிடுகின்றோம். மேலாளரும் தாதியரும் இரவு பகலாக உழைத்ததன் பயன் அது. அவ்வுழைப்பைக் குறைத்துப் பேசுதல் எமது கருத்தன்று. பாதுகாப்பு என்னும் ஒரு கூற்றில் அவர் முழு மதிப்பெண் பெற்றனர். ஏனைய கூறுகளில் என்ன நேர்ந்தது என்பதே எம் வினா.

செவிப்புலன் குறைந்தோரை எடுத்துக்கொள்வோம். அவர் பேசுவோருடைய உதட்டசைவை நோக்கியே பாதிப் பேச்சை அறிகின்றவர். தாதியர் அனைவரும் முகக்கவசம் அணிந்த அன்றே அப்பாதி போயிற்று. எஞ்சிய பாதியும் துணியினூடே மழுங்கி வந்தது. மறதிநோய் உற்றோர்க்கு, நாள்தோறும் உணவூட்டிய முகமே மறைந்துவிட்டது. மூடிய முகத்தோடு அருகில் வருவோரைக் கண்டு அஞ்சிக் கதறியவரும் உண்டு. இல்லத்துக்கு மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த முடிதிருத்துவோர் வரவில்லை. இதைக் கேட்டு நகைத்த மாணவன் ஒருவனை யாம் அறிவோம். ஆனால், நாற்பதாண்டு அரசாங்க உத்தியோகத்தில் ஒருநாளும் மழிக்காத முகத்தோடு வெளிவராத ஒரு பெரியவர், தாடி வளர்ந்தபின் உணவுக்கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்று மேலாளர் சொல்லக் கேட்டபொழுது அவன் நகைக்கவில்லை. மானம் என்னும் கூறு இத்தகைய சிறு பொருள்களிலேதான் தங்கியிருக்கிறது.

காகிதத்தின் வழியாக நோய் வருமென்று அஞ்சிப் பத்திரிகையை நிறுத்தினர். கீரை ஆய்வதும் பூத்தொடுப்பதும் அங்குள்ள மாதர் சிலருக்கு நாள்தோறும் இருந்த வேலை. வெளியிலிருந்து வரும் கீரையைப் பலர் தொடலாகாதென்று அதுவும் நின்றது. உதவி செய்வதாக எண்ணிச் செய்த இவ்வேற்பாட்டினால், அம்மாதர் ஒரே நாளில் வேலையற்றவராயினர். அவருள் ஒரு மூதாட்டி பல வாரங்கள் படுக்கையைவிட்டு எழ மறுத்தார். முதியோர் பத்து நாள் படுத்திருப்பின் காற்றசை எவ்வளவு தேய்ந்துபோம் என்பதை மருத்துவர் அறிவர். நடை தளரும், நடை தளரின் விழுவர், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஆதலின் கீரைக்கட்டு ஒன்றை நிறுத்துவதும் உடல்நலத்தைச் சார்ந்த காரியமேயாம்.

நடக்க வல்லார் சிலர் மாலையிற் கடற்கரைக்குச் சென்று வருவதுண்டு. அதுவும் நின்றது. சென்னை மெரினாக் கடற்கரை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2020 டிசம்பர் 14-ஆம் நாளில். அதுவரையில் கடலோரத்தில் வாழ்ந்தோர்க்கும் கடல் ஓசையளவாகவே இருந்தது. அவ்வில்லத்தின் மொட்டைமாடியிலிருந்து கடலின் ஒரு கீற்றுத் தெரியும். முதியோர் ஏற இயலாத படிகளாகையால் அம்மாடியின் கதவு எப்பொழுதும் பூட்டியிருந்தது. சூலை மாதத்தில் தாதி ஒருத்தி, மேலாளரிடம் வேண்டி, ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக மேலே அழைத்துச் சென்று காட்டினாள். அவளுக்குச் சம்பளம் அதற்காகத் தரப்படவில்லை.

கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் சென்னையில் திறந்தது செப்டம்பர் முதல் நாளில். திருவான்மியூர் மருந்தீசர் கோயில் அவ்வில்லத்துக்கு அணித்தே உள்ளது. இறைவன் அகத்தியருக்கு மருந்தின் இயல்பை உபதேசித்த தலமென்பது ஆண்டு வழங்கும் புராணம். நோய்க்காலத்திலே அத்தலத்தின் கதவும் அடைபட்டிருந்ததைப் பற்றி அவ்வில்லத்து மாதர் பலமுறை பேசினர் என்று அறிகின்றோம். குறையாகப் பேசவில்லை, வியப்பாகப் பேசினர்.

இவையெல்லாவற்றினும் பெரியது உறவின் இழப்பு. சென்னை இல்லங்களில் வாழ்வோருட் பலருடைய மக்கள் கடல்கடந்த நாடுகளில் இருப்பவர். வெளிநாட்டு விமானப் போக்குவரத்து 2020 மார்ச்சு 23 முதல் நின்று, வழக்கமான முறையில் மீண்டது 2022 மார்ச்சு 27-இல்தான். இடையிற் சிறப்பு விமானங்கள் ஓடின என்பது உண்மையே. ஆனால் வந்தவர் தனித்திருக்க வேண்டிய நாட்களையும், விடுமுறை நாட்களையும் கணக்கிட்டுப் பார்த்தவர் பலரும் வராதிருந்துவிட்டனர். முகம் காட்டும் தொலைபேசி அக்காலத்தில் பேருதவி புரிந்தது; அதனை யாம் மறுக்கவில்லை. எம் மாணவர் சேர்த்தனுப்பிய இரண்டு பழைய கருவிகள் அவ்வில்லத்தில் ஓய்வின்றி வேலைசெய்தன. எனினும் கண்பார்வை மங்கியவர்க்கு உள்ளங்கையளவு திரையில் தெரியும் பேரனின் முகம் ஒரு நிழலே. காது கேளாதவர்க்கு அதுவும் ஊமை நிழல். அன்றியும், தாதி ஒருத்தி அருகில் நின்று கருவியைப் பிடித்துக்கொண்டிருக்க, மனத்திலுள்ளதை மகனிடம் எவ்வாறு சொல்வது? தனிமை அதிகமாயிருந்த அக்காலத்திலேயே தனித்துப் பேச இடமில்லாதிருந்தது.

ஒருவர் கூறலாம்: உயிரன்றோ முதலாவது? உயிர் எஞ்சினாலன்றோ மானமும் மகிழ்ச்சியும்? இக்கூற்றை யாம் இகழவில்லை. 2020 மார்ச்சு மாதத்தில் தடுப்பூசி இல்லை, சோதனைக் கருவிகள் போதவில்லை, மருந்து இன்னதென்று தெரியவில்லை. அந்நிலையில் வாயிலை அடைத்தவர் செய்தது சரியே. ஆயினும் இரண்டு செய்திகள் சிந்திக்கத்தக்கன.

முதலாவது, அடைப்பதிலும் முறைகள் பலவுண்டு. பிரெஞ்சு தேசத்தில் லியோன் நகரத்தருகே கோர்பா என்னும் ஊரிலுள்ள விலனோவா இல்லத்தில் 106 முதியோர் இருந்தனர். அவரைத் தத்தம் அறையில் அடைத்து வைக்க மனமில்லாத ஊழியர் 29 பேர், மார்ச்சு 18 முதல் மே 4 வரை 47 நாட்கள் தம் வீடு செல்லாமல் அவ்வில்லத்திலேயே தரையிற் படுத்துறங்கி வாழ்ந்தனர். நோய் புகவில்லை, முதியோரோ உள்ளே விருப்பம்போல் உலவினர். அத்தேசத்தில் இவ்வாறு ஊழியர் உடனிருந்த 17 இல்லங்களைப் பின்னர் ஆராய்ந்தபொழுது, 16 இல்லங்களில் முதியோர் ஒருவருக்கும் நோய் வரவில்லையென்று கண்டனர். இது எங்கும் இயல்வதன்று. சொந்தக் குழந்தைகளை விட்டு ஏழு வாரம் தங்குமாறு குறைந்த சம்பளத்திலுள்ள ஒரு தாதியைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால், ஊரடங்கினாலே உள்ளே அகப்பட்டுக்கொண்ட கொட்டிவாக்கத்துத் தாதியர், தாம் எண்ணாமலே செய்ததும் இதுவேயாம். அவர்க்குப் பிரெஞ்சுப் பத்திரிகைகளிற் கிடைத்த புகழ் கிடைக்கவில்லை.

இரண்டாவது, திறப்பதிலும் முறைகள் உண்டு. நெதர்லாந்து தேசத்தார் 2020 மார்ச்சு 20-இல் இல்லங்களை அடைத்தனர். மே 11 முதல் 26 இல்லங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு முதியவரும் தமக்கு வேண்டிய ஒருவரை, ஒருவரை மட்டும், வரவழைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்து சோதித்தனர். அச்சோதனை நடந்த நாட்களில் புதிதாக நோய் புகுந்ததாக அறியப்படவில்லை. முதியோர் தெளிவடைந்தனர், அஞ்சியிருந்த ஊழியரும் மகிழ்ந்தனர். ஒவ்வொரு நாளும் மூன்று தாதியர் வீட்டிலிருந்து வந்து செல்லும் ஓர் இல்லத்தில், அவர்களைப் போலவே கைகழுவி முகக்கவசமணிந்து வரும் ஒரு மகளால் எவ்வளவு அபாயம் கூடும் என்று அவர் நிதானமாகக் கணக்கிட்டுப் பார்த்தனர். அமெரிக்க தேசத்திலோ 2020 மார்ச்சு 13-இல் பிறந்த தடை, இடையிற் சிறிது தளர்ந்தும், முற்றும் நீங்கியது 2021 நவம்பர் 12-இல். இருபது மாதம். இல்லத்திற் புகும் முதியோர்க்கு எஞ்சியுள்ள ஆயுள் பெரும்பாலும் சில ஆண்டுகளே என்பதை நினைத்தால், இருபது மாதம் என்பது எஞ்சிய வாழ்வில் எத்தனையில் ஒரு பங்கு என்று மாணவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். இருபது வயதினன் கல்லூரியில் இழந்த இரண்டாண்டும், எண்பத்தைந்து வயதினர் இழந்த இரண்டாண்டும் நாட்காட்டியில் ஒன்றே.

கொட்டிவாக்கத்து வாயில் டிசம்பர் மாதத்தில் திறந்தது. நிவர் புயல் கரை கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை யாம் சென்றபொழுது, வேப்பமரத்தடியில் நாற்காலிகளை விலக்கி விலக்கிப் போட்டிருந்தனர். தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு மருமகள் தம் மாமியாரின் எதிரில் அமர்ந்து நோயைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, அம்மூதாட்டி வீட்டுக் கொல்லையிலுள்ள முருங்கை மரம் நிற்கிறதா விழுந்ததா என்பதையே மூன்றுமுறை கேட்டார். நிற்கிறது என்று தெரிந்தபின் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று எம்மோடு நெடுநேரம் பேசியவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். வாயிலை அடைத்தது தவறென்று கருதுகின்றீர்களா என்று யாம் வினவினோம். "என்னைக் கேட்டிருந்தால் நானும் கதவை அடைத்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், தம்பி. ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்றார். எத்தனை நாள் அடைத்திருப்பரென்று தெரியாததும் தம்மை வருத்தியதாகக் கூறினார். அரசாங்கம் நீட்டிக்குந்தோறும் மேலாளரும் நீட்டித்தார். நீட்டித்த செய்தி சமையற்கூடத்தின் வழியாகவே தமக்கு வந்தது என்றார். முப்பதாண்டு பள்ளிக்கூடம் நடத்திய ஒருவர், தாம் வாழும் வீட்டின் கதவு பூட்டப்பட்டதைச் சமையற்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். யாம் மேலே கூறிய அளவுகோலில், தன் காரியத்தைத் தானே நிச்சயிக்கும் உரிமை என்றொரு பகுதி உண்டென்றோமே, அதன் பொருள் இதுவே. அதனை இழப்பிக்க நோய்க்கிருமி தேவையில்லை.

2021 மார்ச்சு முதல் நாள் தொட்டு அறுபது கடந்தோர்க்குத் தடுப்பூசி போடப்பட்டது. ஆண்டும் ஓர் இடர் இருந்தது. அடையாளச் சீட்டு வேண்டும் என்றனர். இல்லங்களில் விடப்பட்டோருட் பலரிடம் அஃதில்லை. சிலருடையது எங்கோ ஒரு மகன் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அடையாளச் சீட்டு இல்லாதார்க்கும், முதியோர் இல்லங்களில் வாழ்வோர் உட்பட, ஊசி போடுவதற்கு மத்திய அரசாங்கம் வழி வகுத்தது அவ்வாண்டு மே 6-இல். அதற்குள் இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கியிருந்தது. ஊருக்குள் இருந்தும் ஊர்க்கணக்கில் இல்லாதவர் எத்துணைப் பேர் என்பதை அன்றே பலர் முதன்முறையாக உணர்ந்தனர்.

அவ்விரண்டாம் அலையின் தொடக்கத்தில், ஏப்ரல் மாத நடுவில், கொட்டிவாக்கத்து இல்லத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மேலாளர் இளைஞர், முதலாண்டில் நேர்ந்ததை எண்ணிப் பார்த்தவர். எழுந்து வரக்கூடியவர் அனைவரையும் உணவுக்கூடத்தில் இடைவெளிவிட்டு அமர்த்தி, வர இயலாதவரைப் படுக்கையருகே சென்று கேட்டு, மீண்டும் அடைப்பதா, அடைப்பின் எவ்வாறு என்று வினவினார். எல்லாரும் ஒருமனப்படவில்லை. காசநோயில் நுரையீரல் பழுதுற்ற பெரியவர் ஒருவர், ஒருவரும் வரலாகாது என்று கண்டிப்பாகக் கூறினார். தாடி வளர்த்த பெரியவர், வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் முடிதிருத்துவோரை வரவிட வேண்டும் என்றார். கூடம் நகைத்தது, அவரும் நகைத்தார். மகள் திருவான்மியூரில் இருக்கும் ஓர் அம்மையார், "நான் செத்தால் சாகிறேன், அவள் வரட்டும்" என்றபொழுது, அடுத்த கட்டிலில் இருப்பவர், "நீங்கள் மட்டுமா சாவீர்கள்?" என்று கேட்டார். இவ்வினாவுக்கு யாம் அறிந்த அளவுகோல் எதிலும் விடை இல்லை. ஆயினும் அதனைக் கேட்க உரியவர் கேட்டார். கேட்கப்பட வேண்டியவர் காதில் அது விழுந்தது. முதலாண்டில் அவ்வாறு நிகழவில்லை.

இறுதியில், அடைப்பதென்றும், ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த ஒருவர் வாரம் ஒருமுறை வேப்பமரத்தடிவரை வரலாமென்றும், பத்திரிகையும் கீரையும் நிற்கலாகாதென்றும், பதினைந்து நாளுக்கொருமுறை மீண்டும் கூடி முடிவுசெய்வதென்றும் ஏற்பட்டது. மே 10-இல் முழு ஊரடங்கு வந்தபொழுது மரத்தடிச் சந்திப்புகள் சில வாரம் நின்றன. நின்றதன் காரணத்தையும், மறுபடி ஆலோசிக்கும் நாளையும் உணவுக்கூடத்துக் கரும்பலகையில் அன்றே எழுதிவிட்டனர். சூன் மாதத்தில் ஊரடங்கு தளர்ந்தபின் சந்திப்புகள் தொடர்ந்தன.

ஏப்ரலில் எடுத்த அத்தீர்மானத்தின் பிரதி இன்னும் அவ்வில்லத்து வாயிலருகே ஒட்டியிருப்பதைச் செல்வோர் காணலாம். வெயிலில் மை மங்கிவிட்டது. மேலாளர் எழுதிய வரைவில் இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தி, திருத்தமான கையெழுத்தில் அதனை எழுதியவர் அத்தலைமையாசிரியையே.